அஞ்சு கிலோவுக்குள் ஒரு பை

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமை ரயில். இன்றைக்கு ஞாயிறு. நடுவில் ஐந்தே நாள்தான், கண்ணாடி இன்னும் மாமனாரிடம் வாயைத் திறக்கவில்லை.

கண்ணாடி என்பது அந்த வீட்டு மருமகள். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிற லேபில் பன்னிரண்டு வருடமாக வேலை. கல்யாணமான புதிதில் புருஷன் கிண்டலுக்கு வைத்த பேர், வீட்டில் எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பேர் வைத்தவன் ஐந்து மாதத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை காலையில், பஸ் ஸ்டாப் பெஞ்சில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. முப்பத்தெட்டு வயது.

அதே ஸ்டாப்பில்தான் அவள் இன்றைக்கும் பஸ் ஏறுகிறாள். பெஞ்சு காலியாகக் கிடந்தாலும் நின்றுகொண்டேதான் இருப்பாள். வெளியூரில் இருக்கிற பெரிய லேபுக்குப் போகிறாயா என்று மேனேஜர் கேட்டபோது, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் நினைத்தாள். வாயிலிருந்து வந்தது "போறேன் சார்."

மாமியாரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டாள். அத்தை தையல் மெஷினில் யார் வீட்டு ஜன்னலுக்கோ திரை தைத்துக்கொண்டிருந்தார். மிதித்த காலை நிறுத்தாமலே கேட்டார். கடைசித் தையல் வரை ஓட்டி முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டுத்தான் பேசினார்.

"போ கண்ணாடி. நீ கதவைத் திறந்துட்டு உள்ள வர்றப்பல்லாம், உன் பின்னாடி அவன் வர்றானான்னு நாங்க ரெண்டு பேரும் பாக்குறோம். தெனமும் பாக்குறோம். உனக்கும் அது தெரியும்."

தெரியும். அதனால்தான் அவள் கதவைத் திறந்த கையோடு சாத்திவிடுவாள்.

"ஆனா உங்க மாமாகிட்ட இப்போ சொல்லாதே. மனுஷன் அஞ்சு மாசமா வாசலைத் தாண்டலை. ஒரே ஒரு தடவை அந்த மைதானத்துல போய் நடந்துட்டு வரட்டும். அப்புறம் சொல்லிக்கலாம். அடுத்த வாரம்."

அத்தையின் அடுத்த வாரம் மூன்று தடவை வந்துபோய்விட்டது.

மைதானம் என்றதும் பெரிய மனிதர்கள் விளையாடும் இடமாக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ரயில் பாதையை ஒட்டி, ஒன்பதே குழி உள்ள பொதுக் கோல்ஃப் மைதானம். குழாய் ரிப்பேர்காரர், பள்ளிக்கூட வாத்தியார், பேக்கரிக்காரர் எல்லாம் வருவார்கள். மாமாவும் மகனும் இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கேதான். யார் எத்தனை அடி அடித்தார்கள் என்று ஒரு நாளும் குறித்து வைத்ததில்லை. நடப்பார்கள், அடிப்பார்கள், பந்து எங்கே போனது என்று சண்டை போடுவார்கள், திரும்பி வருவார்கள். கண்ணாடி அந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. அவளுக்குக் கோல்ஃபைப் பற்றித் தெரிந்ததெல்லாம், திங்கட்கிழமை ஊற வைக்கிற புல் கறை பட்ட பேன்ட்தான்.

இந்த ஞாயிறு காலையில் மாமா முகச் சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, தன் பழைய ஸ்பிரிங் தராசோடு கூடத்துக்கு வந்து நின்றார். முப்பத்தைந்து வருடம் தராசு ரிப்பேர் பார்த்தவர். நகைக்கடைத் தராசிலிருந்து லாரி ஏற்றும் எடைமேடை வரைக்கும் அவர் கை படாதது இல்லை.

"கிளம்பு கண்ணாடி. கடைக்குப் போவணும். நடந்து விளையாடுறதுக்கு லேசா ஒரு பை வாங்கணும்."

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

"எவ்வளவு லேசா மாமா?"

"அஞ்சு கிலோ. பை, மட்டை, பந்து, தண்ணி எல்லாம் சேத்து. அதுக்கு மேல ஒரு கிராம் கூடக் கூடாது."

அவருக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் குடலிறக்க ஆபரேஷன் ஆனது. டாக்டர் சொன்ன கணக்காக இருக்கும் என்று கண்ணாடி நினைத்தாள். பழைய துண்டில் சுற்றி ஏழு மட்டைகளை அவர் எடுத்து வந்தார். துண்டு விலகின இடத்தில் பிடியில் சிவப்பு டேப் தெரிந்தது. அவனுடைய மட்டைகள். மகன் மட்டையால் அடித்துப் பார்க்க ஆசைப்படுகிறார் போலிருக்கிறது என்று, அதையும் அவளே முடிவு செய்துகொண்டாள்.

கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். நல்ல மனிதர், பாவம், தராசு வந்திருப்பது தெரியாமல் ஆரம்பித்துவிட்டார்.

"சார், இது பாருங்க. வெறும் ஒண்ணே கால் கிலோ."

மாமா பையை வாங்கிக் கொக்கியில் மாட்டினார். முள் ஆடி நின்றது.

"ஒண்ணு அறுநூறு."

"லேபிள்ல அப்படித்தான் சார் போட்டிருக்கு."

"லேபிள் போட்டவன் தோள்வாரைக் கழட்டிட்டு, மழைமூடியை எடுத்துட்டு எடை போட்டிருக்கான். கையும் காலும் கழட்டி வெச்சிட்டுப் பாத்தா நான்கூட லேசுதான் தம்பி."

கடைக்காரர் சிரித்து, அடுத்த பையை எடுத்தார். அது ஒல்லியாக, மடித்தால் கக்கத்தில் அடங்குகிற மாதிரி இருந்தது. முக்கால் கிலோதான், தராசும் ஒத்துக்கொண்டது. மாமா அதைத் தரையில் வைத்தார். தொபுக்கென்று படுத்துவிட்டது.

"இதுக்குக் கால் இல்லையே."

"கால் வேணாம்னாதான் சார் லேசு. புல்லுல அப்படியே படுக்கப் போட்டுடலாம்."

"போட்டா? ஒவ்வொரு அடிக்கும் குனிஞ்சு எடுக்கணுமே. ஒம்போது குழிக்கு எத்தனை தடவை குனியறது?"

"சார் எத்தனை அடி அடிப்பீங்க?"

"அது கேக்கக் கூடாத கேள்வி."

கண்ணாடிக்குச் சிரிப்பு வந்தது. இவர் இப்படிப் பேசி எத்தனை நாளாயிற்று.

மாமா ஒவ்வொரு பையிலும் ஏழு மட்டையைப் போட்டு, ஆறு பந்து போட்டு, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலையும் செருகி, அவளிடம் நீட்டினார். "மாட்டிப் பாரு. அந்தச் செருப்பு அலமாரி வரைக்கும் போயிட்டு வா."

ஆபரேஷன் ஆன உடம்பு, அதனால் நம் தோளில் போட்டுப் பார்க்கிறார் என்று அவளும் மாட்டினாள். ஒற்றை வார் பை கழுத்தோரம் அறுத்தது.

"எப்படி இருக்கு?"

"லேசாத்தான் இருக்கு மாமா. இதையே எடுத்துக்கலாம்."

"பொய் சொல்லாதே. இடது தோள் காதுகிட்ட ஏறிடுச்சு. ரெண்டு வார் வெச்சது எடுங்க தம்பி, பள்ளிக்கூடப் பை மாதிரி."

அவளுக்கு அவசரம். பை சீக்கிரம் கிடைத்தால் சீக்கிரம் மைதானத்துக்குப் போகலாம். அவர் ஒரு சுற்று நடந்துவிட்டால் சொல்லிவிடலாம். இன்றைக்கு விட்டால் அப்புறம் நாளே இல்லை. அதனால் எதைத் தோளில் போட்டாலும் நல்லா இருக்கு மாமா, லேசா இருக்கு மாமா என்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். நடுவில் கடைக்காரரின் மூக்குக் கண்ணாடி மூன்று தடவை நழுவியதைப் பொறுக்க முடியாமல், "கொஞ்சம் குடுங்க சார்" என்று வாங்கி, காதுக்குப் பின்னால் வளையும் இடத்தை விரலால் தேய்த்துச் சூடாக்கி இன்னும் கொஞ்சம் வளைத்துக் கொடுத்தாள். அவர் போட்டுப் பார்த்துவிட்டு, மாமாவைவிட அவளிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்.

நாலாவது பை சாம்பல் நிறம். விரல் தடிமனில் இரண்டு கால், கீழே வைத்ததும் தானாக விரிந்து நின்றது. இரண்டு வார். இடுப்பில் படுகிற பக்கம் மெத்து. உள்ளே நாலே தடுப்பு, தேவையில்லாத பாக்கெட் எதுவும் இல்லை. மாமா வாரின் பக்கிளை இழுத்து இழுத்து அவள் முதுகில் பை குறுக்காகப் படியும் வரைக்கும் சரி செய்தார். அவள் செருப்பு அலமாரிக்குப் போய்த் திரும்பினாள். உண்மையாகவே கழுத்து இழுக்கவில்லை.

"இது?"

"இது நிஜமாவே நல்லா இருக்கு மாமா."

அவர் அதை வாங்கித் தராசில் மாட்டினார். "நாலு கிலோ தொள்ளாயிரத்து அறுபது," என்றார், பரீட்சையில் பாஸ் ஆனவர் மாதிரி.

கடைக்காரர் பக்கிளில் கை வைத்தார். "வாரை உங்க உயரத்துக்கு இழுத்து வெச்சுத் தரட்டுமா சார்?"

"எனக்கு எதுக்கு? அவ உயரத்துக்கு வெச்சிருக்கேன் பாருங்க. அதை அசைக்காதீங்க."

கண்ணாடிக்கு முதலில் புரியவில்லை.

"உங்களுக்குன்னு சொன்னீங்களே மாமா."

"நான் எங்க சொன்னேன்? எனக்கு அங்கே தள்ளுவண்டி இருக்கு. என் பழைய பை மைதானத்து ரூம்லயே கெடக்கு, வண்டில வெச்சுத் தள்ளிக்குவேன். ரெண்டு வருஷமா அப்படித்தான். அவன் தூக்குவான், நான் தள்ளுவேன்." பக்கிளின் நுனியை விரலால் தேய்த்துக்கொண்டே சொன்னார். "அவன் பை அலமாரி மாதிரி. அது உனக்கு ஆவாது."

"டாக்டர் அஞ்சு கிலோன்னு..."

"டாக்டர் என்னைப் பத்து கிலோ வரைக்கும் தூக்கலாம்னு சொல்லிட்டாரு, போன வருஷமே. உனக்குத்தானே குனிஞ்சு லென்ஸ் தேச்சுத் தேச்சுக் கழுத்து போச்சு. சனிக்கிழமையானா கழுத்துல சுடுதுண்டைச் சுத்திக்கிட்டு உக்காந்திருப்பியே. நான் பாக்கலைன்னு நினைச்சியா?"

"எனக்கு அடிக்கத் தெரியாதே மாமா."

"அவனுக்கு மட்டும் தெரியுமாக்கும். இருபது வருஷமா குளத்துக்குப் பந்து சப்ளை பண்ணிக்கிட்டிருந்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு. தோள் குலுங்க, சத்தம் வந்த சிரிப்பு. அதைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்வது? லேசா இருக்கு, லேசா இருக்கு என்று அவசரப்பட்டுத் தன் பையைத் தானே தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டு, கண்ணாடி செருப்பு அலமாரியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு மைதானத்து வாசலில் சீட்டுக் கொடுப்பவர் மாமாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். துக்கம் விசாரிக்க ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா முகத்தைப் பார்த்துவிட்டு, எப்போதும் கேட்கிறதையே கேட்டார்.

"ரெண்டு பேரா?"

"ரெண்டு பேருதான்."

ஆளுக்கு ஒரு பை இருக்கணும் என்பது அங்கே சட்டம். சீட்டுக் கொடுப்பவர் அவள் தோளில் இருந்த புதுப் பையையும், அதற்குள்ளிருந்து எட்டிப் பார்த்த சிவப்பு டேப்பையும் பார்த்தார். சீட்டைக் கிழிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

முதல் மூன்று குழி வரைக்கும் மாமா பேசிக்கொண்டே வந்தார். இங்கேதான் அவன் மட்டையைத் தூக்கி எறிந்தான். அந்த மரத்தில் பட்டுத் திரும்பிப் பந்து அவன் நெற்றியிலேயே வந்து விழுந்தது, வீட்டில் வந்து கதவில் இடித்துக்கொண்டேன் என்று புளுகினான். "நீ நம்பிட்டே."

"நம்பலை மாமா. வட்டமா வீங்கியிருந்துச்சு."

"பின்னே ஏன் கேக்கலை?"

"கேட்டா வெக்கப்படுவாரு."

தள்ளுவண்டி சக்கரம் கிறீச்சிட்டது. அவள் முதுகில் மட்டைகள் ஒன்றோடொன்று மெதுவாக மோதிக்கொண்டன. இந்தச் சத்தத்தோடுதான் அவன் இருபது வருடம் நடந்திருக்கிறான். அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

நாலாவது குழி ரயில் பாதையை ஒட்டி. அங்கே ஒரு ரயில் போயிற்று. அது கடந்து சத்தம் அடங்குகிற வரைக்கும் இருவரும் நின்றார்கள். இனிமேல் முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

"மாமா, நான் சனிக்கிழமை ஊருக்குப் போறேன்."

"போயிட்டு வா. திங்கக்கிழமை லீவா?"

"இல்ல மாமா. அங்கேயே வேலை. பெரிய லேபுல. திரும்பி..." அவள் தோள்வாரை இழுத்து விட்டுக்கொண்டாள். "லீவு விட்டா வருவேன்."

மாமா பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மட்டையை ஓங்கி, அடிக்காமல் கீழே இறக்கினார்.

"எப்போ முடிவாச்சு?"

"நாலு வாரம் ஆச்சு."

"உங்க அத்தைக்குத் தெரியுமா?"

கண்ணாடி ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"அதான்," என்றார் மாமா. "காலைல பை வாங்கணும்னு சொன்னதும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு உள்ள போனா. நான் சந்தோஷத்துல அழறான்னு நினைச்சேன்."

பின்னால் வந்த இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். மாமா கையைக் காட்டி அவர்களை முன்னால் போகச் சொன்னார். அவர்கள் அடித்துவிட்டு, தலையை ஆட்டி நன்றி சொல்லிவிட்டுப் போகிற வரைக்கும் இருவரும் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றார்கள்.

"திரும்பிடலாமா மாமா?"

"வேண்டாம். ஒம்போதையும் முடிச்சுட்டே போவோம். பாதில வந்து நின்னா அவ கேப்பா."

மீதி ஐந்து குழியும் நடந்தார்கள். அவர் அடிப்பார், அவள் பந்து விழுந்த இடத்தைப் பார்த்துச் சொல்வாள். அந்தத் தூரத்தில் அவ்வளவு சின்னப் பந்தை அவள் கண் விடவே இல்லை. "நல்ல கண்ணு உனக்கு," என்றார் ஒரு தடவை. குளம் இருந்த குழியில் மட்டும் அவர் அவள் பையிலிருந்து சிவப்பு டேப் மட்டை ஒன்றை உருவி எடுத்து அடித்தார். பந்து தண்ணீரில் விழவில்லை. அக்கரையில் போய் அழகாக நின்றது. அவர் அந்த மட்டையைத் துடைத்து, இருந்த தடுப்பிலேயே திரும்ப வைத்தார். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. பை கொஞ்சம் கனத்த மாதிரி இருந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று புரிந்ததும், கண்ணாடி திரும்பிப் பார்க்காமல், அசையாமல் நின்றாள்.

கடைசிக் குழி முடிந்து தள்ளுவண்டியை விட்டுவிட்டு வரும்போது அவள்தான் கேட்டாள்.

"போகாதேன்னு சொல்ல மாட்டீங்களா மாமா?"

"சொன்னா இருந்துடுவே," என்றார் அவர். "அதனாலதான் சொல்லலை."

அவள் அங்கேயே, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சீட்டுக் கொடுப்பவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். மாமா பையை அவள் தோளிலிருந்து வாங்க வந்தார். அவள் கொடுக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் செய்," என்றார் அழுகை ஓய்ந்ததும். "நீ என்கிட்ட சொல்லிட்டேன்னு உங்க அத்தைக்குத் தெரிய வேண்டாம். இன்னைக்கு மட்டும்."

"ஏன் மாமா?"

"நான் ஒடிஞ்சு போயிடுவேன்னு பயந்துதானே நாலு வாரமா வாயை மூடிக்கிட்டிருக்கா. பையனைப் பறிகொடுத்தவ. அந்தத் துக்கத்தோட இதையும் வெச்சுக்கிட்டு, எனக்கு எதிர்லயே உக்காந்து சாப்பிட்டிருக்கா. இன்னைக்கு நான் நல்லா விளையாடிட்டு வந்தேன்னு அவ நிம்மதியா இருக்கட்டும். மத்ததை நாளைக்குப் பாத்துக்கலாம்."

வீட்டு வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தார். தெருமுனை திரும்பும்போதே பார்த்துவிட்டார், பை யார் தோளில் இருக்கிறது என்று. கையிலிருந்த கத்தரிக்கோலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"எப்படிங்க இருந்துச்சு?"

"பிரமாதம். கண்ணாடி நல்லா நடக்குறா. குளத்தைத் தாண்டி அடிச்சேன் தெரியுமா? உன் பிள்ளையால ஒரு நாளும் முடியலை." மாமா சிரித்தார். காலையில் வந்த சிரிப்பு மாதிரியே இருந்தது. அருகில் நின்று பார்த்த கண்ணாடிக்குத்தான் தோள் குலுங்காதது தெரிந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கால் கழுவ உள்ளே போனார்.

அத்தை அவள் கையைப் பிடித்துத் தையல் மெஷின் மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார். முழுசாகத் தைக்காத திரை தரையெல்லாம் கிடந்தது.

"உனக்கா வாங்கினாரு?"

"ஆமா அத்தை."

"எனக்குத் தெரியாதுடி. அவருக்குன்னுதான் நினைச்சேன்." அத்தை தோள்வாரைத் தொட்டுப் பார்த்தார். தையல்காரி கை, வாரில் தையல் எங்கே போகிறது என்று அதுபாட்டுக்குத் தேடியது. "சொல்லிட்டியா?"

ஐந்து மாதத்தில் இந்த அத்தையிடம் அவள் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

"இல்ல அத்தை."

அத்தை பெருமூச்சு விட்டு, மெஷின் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "நல்லதாப் போச்சு. சொல்லாதே. சிரிக்கிறாருடி. எத்தனை நாளாச்சு. நான்தான் உன்னைப் போன்னு சொன்னேன், எனக்கு வெக்கமா இருக்கு இப்படிக் கேக்க." அவள் விரல்களை இறுகப் பிடித்தார். "டிக்கெட்டைத் தள்ளிப் போட முடியுமா கண்ணாடி? ஒரே ஒரு ஞாயிறு."

அவள் பதில் சொல்வதற்குள், கை கால் கழுவிவிட்டு வந்த மாமாவின் குரல் சமையலறையிலிருந்து கேட்டது. வீட்டில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, உற்சாகமான, உரத்த குரல்.

"ஏம்மா, அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பாட்டில் தண்ணி நிரப்பி வை. இன்னைக்கு ஒண்ணு பத்தலை, எங்க ரெண்டு பேருக்கும்."

அத்தை கண்ணில் நீரோடு நிமிர்ந்து பார்த்தார். "கேட்டியாடி?"

"கேட்டுச்சு அத்தை," என்றாள் கண்ணாடி. பை இன்னும் அவள் தோளிலேயே இருந்தது.